வடகரையில் புகை

கிளிஃபர்ட் என் வீட்டுக்குள் வந்ததும் பூட்ஸைக் கழற்றினால் நல்ல செய்தி என்று அர்த்தம். தேநீர் குடிப்பான், சட்டியில் சுட்ட பானக் ரொட்டி இரண்டு துண்டு தின்பான், ஊர் வம்பெல்லாம் பேசுவான். கழற்றாமல் மிதியடியிலேயே நின்றால் கெட்ட செய்தி. அன்றைக்கு ஒரு காலில் மட்டும் கழற்றிவிட்டு நின்றான்.

"இது என்னடா அரைகுறை? உள்ள வர்றியா, போறியா?" என்றேன்.

"நீங்க திட்டுறதப் பொறுத்து, மதினி."

கிளிஃபர்ட் என் கணவர் ஏபெலின் சித்தப்பா மகன். எங்கள் க்ரீ பழங்குடி ஆட்களிடையே மதினியும் கொழுந்தனும் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளத்தான் உரிமை கிடையாது. அவன் என் கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டான். வேலை, ஊர்க் கவுன்சிலின் காட்டு அலுவலகத்தில். மர நிறுவனத்துக்கும் வேட்டைக் குடும்பங்களுக்கும் நடுவில் நிற்கிற வேலை. இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கு மாதச் சம்பளம்.

மேசையில் இருந்த மாவுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு ஒரு வரைபடத்தை விரித்தான். எங்கள் குடும்பத்து வேட்டை நிலம். அந்த ஏரியும் ஆறும் சதுப்பும் மேடும் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனால் காகிதத்தில் எல்லாம் நிறம் நிறமாகக் கிடந்தது. கைவைக்கக் கூடாத காடு பச்சை. கல்லறை, புனிதமான இடம் இதெல்லாம் சிவப்பு. வரப்போகும் வருஷங்களில் வெட்டப்போவது மஞ்சள்.

ஏரியின் வடகரை முழுக்க மஞ்சளாக இருந்தது.

"இது யாரு பண்ண வேலை?"

"உங்க வேலைதான், மதினி."

"என்னடா உளர்றே? வடகரை ஏபெலோடது. அவர் இருந்தவரைக்கும் அது பச்சை."

"இது புதுத் திட்டம். புதுசா கேட்டாங்க. உங்ககிட்டதான் கேட்டாங்க. இதே மேசையில."

கேட்டார்கள்தான். எங்கள் அப்பாக்கள் காலத்தில் மரம் விழுந்த பிறகுதான் சேதி தெரியும். இப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு குடும்ப நிலத்துக்கும் ஒரு வேட்டைத் தலைவர் உண்டு, எங்கே எதைப் பிடிக்கலாம், எதை விடவேண்டும் என்று சொல்கிறவர். மரம் வெட்டுகிறவர்கள் அவர் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்து கேட்ட பிறகுதான் ரம்பத்தை எடுக்க வேண்டும். எங்கள் நிலத்துக்கு ஏபெல் தலைவர். மான்ட்ரியால் ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில், "அடுத்தது பெல்லா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டிருந்தவள். ஒரே நாளில் தலைவியாகிவிட்டேன்.

இலையுதிர் காலத்தில் கிளிஃபர்ட் ஒலிவியேயை அழைத்து வந்தான். ஒலிவியே நிறுவனத்தின் காட்டுப் பொறியாளர், நரைத்த தாடிக்காரர், பிரெஞ்சுதான் பேசுவார். நல்ல மனுஷர். சொல்லாமலே பூட்ஸைக் கழற்றினார். நான் வைத்த மூஸ் மான் சூப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பிறகு வரைபடத்தில் வடகரையைத் தொட்டு என்னவோ கேட்டார்.

"இந்தப் பக்கம் இப்போ போறீங்களா, மதினி? கேக்குறார்" என்றான் கிளிஃபர்ட்.

"இல்ல. யாரும் போறதில்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வேட்டைத் தலைவர் செத்தால், அவர் கடைசியாக வேட்டையாடிய பக்கத்தில் யாரும் கால் வைக்க மாட்டோம். ஆற்றில் அணை கட்டுகிற பீவர் தன் பாட்டுக்குக் குட்டி போடும். மூஸ் தன் பாட்டுக்கு மேயும். நிலம் ஓய்வெடுக்கிறது என்போம். எத்தனை காலம் என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள், போதும் என்று குடும்பத்துக்குத் தோன்றும்போது போதும். ஓய்வில் இருக்கிற நிலத்தைவிடப் பத்திரமான நிலம் எங்களுக்குக் கிடையாது. அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன், யாரும் போவதில்லை என்று. வீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று, "இப்போ பாக்க முடியாது" என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

அவர்கள் வீடே காலி என்று எழுதிக்கொண்டார்கள்.

"ஓய்வுல இருக்குன்னு உனக்குத் தெரியாதா? நீ அந்த வீட்டுப் பிள்ளை இல்லையா?" என்று கிளிஃபர்டிடம் கத்தினேன்.

அவன் கழற்றிய பூட்ஸைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். "தெரியும் மதினி. ஆனா நீங்க சொன்ன விதம் வேற மாதிரி இருந்துச்சு. அந்த இடத்தையே மறக்கணும்னு நினைக்கிறீங்க போலன்னு நினைச்சேன். அண்ணன் போனப்புறம் நீங்க ஏரி பேச்சே எடுக்கல. அதான் நானும் அப்படியே சொல்லிட்டேன்."

"சரி, இப்போ சொல்லு. ஓய்வுல இருக்குன்னு சொல்லு."

"ஓய்வுக்கு அவங்க படத்துல நிறம் இல்ல."

"சிவப்பு போடச் சொல்லு."

"அண்ணன ஊர்லதானே புதைச்சிருக்கோம்? கல்லறை இல்லாத எடத்துக்கு எப்படிச் சிவப்பு கேக்குறது?" மேசையோரமாக உட்கார்ந்தான். "முன்ன மாதிரி இல்ல மதினி. மரம் அறுக்கிற ஆலையில பாதி நம்மளோடது. வெட்டுற மெஷின்ல உக்காந்திருக்கிறவன் நம்ம பையன். இனிமே வெட்டுறதும் நாமதான், விடுறதும் நாமதான். காடு நம்ம கைக்கு வந்துருச்சு."

"அப்போ திட்டணும்னா கண்ணாடியப் பாத்துத் திட்டணும்கிற."

"அதுக்குத்தான் என்னை வச்சிருக்கீங்களே" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் வேறு யாரோ இருப்பதுபோல, ஒரு யோசனை சொன்னான். "ஒரு போன் போடுங்க. தப்பாச் சொல்லிட்டேன், போயிட்டுதான் இருக்கோம், போன வாரம்கூட ரெண்டு பீவர் புடிச்சோம்னு சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"புடிக்காத பீவரப் புடிச்சேன்னு சொல்லவா? நாம பேசுறது பீவருக்குக் கேக்கும்டா. அப்புறம் இந்தக் குடும்பத்துல எவன் கண்ணி வச்சாலும் ஒண்ணும் வராது."

அதை அவன் ஒத்துக்கொண்டான். காட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் அவனும் க்ரீக்காரன்தான்.

"அப்போ ஒரே வழிதான்" என்றான். "நேர்ல வந்து பாக்கச் சொல்லிக் கேக்கலாம். ஏரி உறைஞ்சதும் ஒலிவியேயக் கூட்டிட்டு வரேன். ஆனா வந்து பாக்கும்போது அண்ணனோட கேம்ப்ல, அந்த வேட்டைக் குடிசையில, ஆள் இருக்கணும் மதினி. குறைஞ்சது புகையாவது வரணும். வெறும் கேம்ப் மட்டும் நின்னா, சுத்தி ஒரு வட்டம் மரம்கூட விடமாட்டாங்க."

ஆக, நிலம் ஓய்வெடுக்க வேண்டுமானால் அதை எழுப்ப வேண்டும். நல்ல நியாயம். அவன் இரண்டு பூட்ஸையும் போட்டுக்கொண்டு போனான். பானக் ரொட்டியை நான் நீட்டவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல ரேடியோவைப் போட்டேன். குளிர்பெட்டியின் மேல் இருக்கிற பழைய காட்டு ரேடியோ. இப்போது யாரும் அதில் பேசுவதில்லை. கேம்புகளிலிருந்துகூட வேறு ஏதேதோ கருவியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஏபெல் மட்டும் கடைசிவரை இதை விடவில்லை. குளிர்காலம் முழுக்க அவர் ஏரியில் இருப்பார், நான் பள்ளிக்கூட வேலைக்காக ஊரில் இருப்பேன். விளக்குப் போடுகிற நேரத்துக்கு ரேடியோ கரகரக்கும்.

"வீடு, வீடு. ஏரி பேசுது."

"வீடு கேக்குது, சொல்லுங்க."

அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம். பிறகு என்ன பிடித்தார், பனி எவ்வளவு, கால் வலி எப்படி என்று பேச்சு போகும். நடுவில் கிளிஃபர்ட் புகுந்து, "அண்ணே, மதினி இன்னைக்கும் சூப்ப அடிப்பிடிக்க விட்டுருச்சு" என்பான். ஊரே கேட்டுச் சிரிக்கும்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏபெல் செத்தது எனக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான். குழியில் மண் போட்டவளும் நான். ஆனால் ஊரில், அந்தச் சமையலறையில், குளிர்காலத்தில் அவர் இல்லாமல் இருப்பது ஒன்றும் புதிது இல்லை. முப்பது குளிர்காலமாக அவர் அங்கே இருந்ததே இல்லையே. ஏரியில்தான் இருப்பார். ரேடியோ பேசவில்லை என்றால் பேட்டரி போயிருக்கும், கம்பி பனியில் அறுந்திருக்கும். இப்படி வாய்விட்டு நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்குள்ளும் முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் சாயங்காலம் வந்தால் கை தன்னால் ரேடியோவுக்குப் போகும். யாரும் வடகரைக்குப் போகாதவரை, அங்கே அவர் இல்லை என்று பார்த்துவந்து சொல்ல ஆள் இல்லை. நிலத்தை ஓய்வில் விட்டது வழக்கத்துக்காக மட்டும் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

இப்போது போக வேண்டும். போனால் காடு மிஞ்சும். ஏபெல் மிஞ்ச மாட்டார்.

ஏரி உறையும்வரை தள்ளிப்போட்டேன். ஒட்டாவாவில் இருக்கிற மகளுக்குப் போன் பண்ணினேன்.

"தனியாவாம்மா? பைத்தியமா உனக்கு?"

"அப்போ நீயும் வா."

"எனக்கு வேலை இருக்கும்மா. லீவு கேக்க முடியாது."

"சரி, அப்போ பைத்தியம் தனியாத்தான் போகும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் குழந்தையாக இருந்தபோது ஏபெலின் தோளில் உட்கார்ந்து அந்த ஏரியைச் சுற்றியவள். இப்போது அவளுக்குக் காடு என்றால் வீட்டுச் சுவரில் மாட்டிய படம். அதற்கு அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, படிக்கப் போ போ என்று விரட்டியவள் நான்தான்.

கிளிஃபர்ட் துணைக்கு வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். என் ஒரே நிபந்தனையை மட்டும் அவனிடம் சொன்னேன்: போவேன், இருப்பேன், புகை போடுவேன், எதையும் கொல்ல மாட்டேன். கண்ணி இல்லை, துப்பாக்கி இல்லை, தூண்டில்கூட இல்லை. நிலத்தின் தூக்கத்தைக் கெடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

"சாப்பாட்டுக்கு?"

"கடையில டின் இறைச்சி வாங்கிட்டேன்."

"வேட்டைத் தலைவி டின் இறைச்சி தின்னுக்கிட்டு காட்டுல உக்காந்திருக்கப் போறாங்க. அண்ணன் இதக் கேட்டிருந்தா சிரிச்சே செத்திருப்பாரு" என்றவன், சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் முகம் சுருங்கிப்போனான்.

"பரவாயில்லடா. அப்படிச் செத்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்" என்றேன்.

மர லாரிகளுக்காகப் போட்ட சாலையில்தான் போனேன். அந்தச் சாலையை நான் வைதது கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் என் வயசில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவும் மாட்டேன். இரண்டு பக்கமும் பழைய வெட்டுகள். நட்ட ஸ்ப்ரூஸ் மரக்கன்றுகள் பனிக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றன. காடாகும், ஆகாமல் என்ன. அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். சாலை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, பனியில் ஓட்டுகிற ஸ்கிடூவை இறக்கி, பின்னால் சறுக்குவண்டியில் சாமானைக் கட்டிக்கொண்டு, உறைந்த ஏரிக்கு மேலே வடகரையைப் பார்த்து ஓட்டினேன்.

தூரத்திலிருந்தே கேம்ப் தெரிந்தது. புகைக்குழாய் நேராக நின்றது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. தெரிந்ததுதானே. ஆனாலும் ஏரி நடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்தும் இப்படி நிற்கிறாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டு மறுபடி வண்டியைக் கிளப்பினேன்.

வாசலில் பனி இடுப்புவரை. யாருடைய தடமும் இல்லை, ஒரு முயலின் தடத்தைத் தவிர. பிர்ச் மரத்தில் ஏபெல் கட்டிய கரடி மண்டையோடுகள் ஏரியைப் பார்த்தபடி தொங்கின. வேட்டையாடித் தின்ற கரடிக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது. அவற்றில் கட்டிய ரிப்பன் வெளுத்துப்போயிருந்தது. அவருடைய பனிச்செருப்பு சுவரில் அதே ஆணியில் மாட்டியிருந்தது. தோள்பட்டையால் இடித்துக் கதவைத் திறந்தேன்.

உள்ளே வெளியைவிடக் குளிர். அவர் கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. படுக்கை சுருட்டியிருந்தது. தரையில் பரப்பிய ஸ்ப்ரூஸ் கிளைகள் பழுத்து உதிர்ந்திருந்தன. அடுப்பின் கதவைத் திறந்தேன். உள்ளே நெருப்பு அடுக்கியிருந்தது.

கேம்பை விட்டுக் கிளம்பும்போது அடுத்த நெருப்பை அடுக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடியில் பிர்ச் பட்டை, அதன்மேல் சுள்ளி, அதன்மேல் பிளந்த விறகு. நனைந்து விறைத்து வருகிறவருக்கு ஒரு தீக்குச்சி கிழித்தால் போதும். இதைச் செய்யாமல் போகிறவனை ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டோம். வயிற்று வலியோடு, பாதி குனிந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகவென்று கிளம்பிய ஏபெல் இதைச் செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். சுள்ளிகளின் நுனியில் சுருள் சுருளாகச் சீவி விட்டிருந்தார். அவர் மட்டும்தான் அப்படிச் சீவுவார். "எரியப்போறதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?" என்று எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறேன்.

அந்த அடுப்புக்கு முன்னால் கோட்டோடு உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு பெட்டியில் வைத்துவிடலாம். வேறு விறகு வெட்டி வேறு நெருப்பு மூட்டலாம். கோடாரி இருக்கிறது, கை இருக்கிறது. ஒரு சுள்ளியை எடுக்கக் கையைக்கூட உள்ளே விட்டேன். தொட்டதும், அந்தச் சுருள்கள் விரலில் பட்டதும், அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதேன். கேட்க யாரும் இல்லாத இடத்தில் அழுவதில் ஒரு சௌகரியம், யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். ஒரு கஷ்டமும் உண்டு, நாமேதான் நிறுத்த வேண்டும்.

வெளிச்சம் குறைந்தது. கால் விரல்கள் மரத்துப்போயின. ஏபெல் இதை வைத்துவிட்டுப் போனது பெட்டியில் பூட்டி வைப்பதற்கு இல்லை. அடுத்து வருகிறவருக்கு வைத்தார். அடுத்து வந்தவள் நான்.

தீக்குச்சியைக் கிழித்தேன். ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. சுருள்கள் முதலில் எரிந்தன, பிறகு பட்டை, பிறகு எல்லாம். கொஞ்ச நேரத்தில் அடுப்பின் தகரம் டக் டக்கென்று விரிகிற சத்தம் கேட்டது, அறை சூடானது. வெளியே போய்ப் பார்த்தேன். குழாயிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இனி இந்த ஏரியில் இருப்பது யார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சொல்ல ஒன்றும் இல்லை. விறகு வெட்டினேன், பனியை உருக்கினேன், புதுக் கிளைகளைத் தரையில் பரப்பினேன். டின் இறைச்சியைப் பொரித்தேன். அதன் நாற்றம் கேம்புக்கே அவமானம். ரொட்டியைப் பிய்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு காட்டுப் பறவை கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும். அதனிடம்தான் பேசினேன். "ஏபெல்கிட்டயும் இப்படித்தான் திருடினியா?" என்று கேட்டால் தலையைச் சாய்த்துப் பார்க்கும். சுள்ளியும் சேறுமாகப் பனிக்கு மேலே துருத்திய பீவர் வீட்டின் உச்சியிலிருந்து மூச்சு ஆவியாக வருவதை ஒவ்வொரு காலையும் போய்ப் பார்த்தேன். உள்ளே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு நாள் மேட்டிலிருந்து ஒரு பெண் மூஸ் தன் கன்றோடு இறங்கி, என் விறகுக் குவியலுக்குப் பக்கமாகவே நடந்து போனது. நான் அசையாமல் நின்றேன். வாயில் எச்சில் ஊறியது, பொய் சொல்வானேன். "போ தாயீ, போ. நீயும் ஓய்வுல இரு" என்றேன். அதுவும் அவசரப்படாமல் போனது.

கேம்பில் இருந்த ஏபெலின் ரேடியோவில் மட்டும் பேசவில்லை. ஊரிலிருந்து ஒரு பேட்டரி கொண்டுவந்து இணைத்தும் வைத்தேன். சாயங்காலம் ஆனால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலுறை தைத்தேன்.

ஒரு காலையில் ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஸ்கிடூ சத்தம் கேட்டது. கிளிஃபர்டும் ஒலிவியேயும். ஒலிவியே உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தோல் காயவில்லை. கண்ணி இல்லை. ரத்தம் இல்லை. மூலையில் காலி டின்கள் அடுக்கியிருந்தன.

அவர் கேட்டதைக் கிளிஃபர்ட் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இங்க வேட்டையாடுறீங்களான்னு கேக்குறார். மதினி, தயவுசெஞ்சு..."

"இல்ல" என்றேன்.

கிளிஃபர்ட் கண்ணை மூடிக்கொண்டான். "ஏன் மதினி இப்படிப் பண்றீங்க?"

"நீ நான் சொல்றத மட்டும் சொல்லு. இந்தத் தடவை முழுசாச் சொல்லு. என் புருஷன் செத்துட்டார். அதனால இந்த நிலம் படுத்திருக்கு. படுத்திருக்கிறவங்ககிட்ட யாராவது ஒருத்தர் உக்காந்திருக்கணும். ஆஸ்பத்திரியில அவர்கிட்ட நான் உக்காந்திருந்தேன். இங்கயும் நான்தான். இது எழுந்திரிச்சப்புறம் வேட்டையாடுவோம், ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். அதுவரைக்கும் இங்க யாரும் எதையும் கொல்லக் கூடாது. மரத்தையும் சேத்துத்தான் சொல்றேன்."

கிளிஃபர்ட் சொன்னான். நான் பேசியதைவிட நீளமாகச் சொன்னான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஏபெல் என்ற பெயர் இரண்டு மூன்று தடவை வந்தது. அவனும் அண்ணனைப் பற்றி வாய்விட்டுப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பற்றிப் பேச அவன் தேடி வரவில்லையே என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். நானும்தான் அவனைத் தேடிப் போகவில்லை.

ஒலிவியே தேநீரைக் குடித்து முடித்தார். அவசரமே படவில்லை. பிறகு எழுந்து, ஜன்னலுக்கு வெளியே மேட்டில் நின்ற ஸ்ப்ரூஸ்களைப் பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"இப்படி ஒண்ணுக்கு அவர்கிட்ட நிறம் இல்லையாம். ஆபீஸ்ல போய்ப் புதுசா ஒண்ணு கேக்கணுமாம். கிடைக்கிறவரைக்கும் பச்சை போட்டுடறாராம்."

"வேட்டையாடலன்னு சொன்னேனே, எப்படிப் பச்சை?"

கிளிஃபர்ட் அவரிடம் கேட்டான். ஒலிவியே அடுப்பைக் காட்டி, பிறகு விரலை மேல்நோக்கிச் சுழற்றிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"ஏரிக்கு அந்தப் பக்கத்துலருந்தே புகை தெரிஞ்சுதாம். புகை போதுமாம்" என்றான் கிளிஃபர்ட்.

கிளம்பும்போது அவன் வாசலில் நின்று, "வாங்க மதினி, சேர்ந்தே போயிடலாம். வேலைதான் முடிஞ்சுதே" என்றான்.

"நீ போ. நிறம் மாறினதும் நான் ஓடி வந்துட்டா, நான் சொன்னது பொய்னு ஆயிடும்."

"தனியா என்ன பண்ணுவீங்க?"

"டின் இறைச்சி இன்னும் மிச்சம் இருக்குடா. நீ இருந்தா அதுவும் காலியாயிடும்."

அவன் சிரித்தான். பிறகு பிர்ச் மரத்தடிக்குப் போய், வெளுத்த ரிப்பன்களைக் கையுறையோடு தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான். இரண்டு வண்டிகளும் ஏரியைக் கடந்தன, சத்தம் தேய்ந்து இல்லாமல் போனது.

வடகரை பச்சையாகிவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும், இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முன்பெல்லாம் சொல்ல வேண்டிய எதுவானாலும் விளக்குப் போடுகிற நேரம்வரை காத்திருந்தால் போதும். விளக்கைப் போட்டேன். முதுகைக் காட்டி உட்காரவில்லை. ஏபெல் உட்காருகிற மரக்கட்டையை இழுத்துப்போட்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"வீடு, வீடு. ஏரி பேசுது."

பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். கரகரப்பு மட்டும் வந்தது. மறுபடி அழுத்தினேன்.

"காடு தப்பிச்சுது. பனி இடுப்பு வரைக்கும். பீவர் நல்லா இருக்கு. நான் நல்லா இருக்கேன்."

ஊரில் என் சமையலறை ரேடியோவை நான் அணைக்காமல்தான் வந்திருந்தேன். குளிர்பெட்டியின் மேல் அது இப்போது பேசியிருக்கும், இருட்டில், மேசையையும் இரண்டு நாற்காலியையும் பார்த்து. ஏபெல் போன நாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நான் காத்துக்கிடந்த வார்த்தை அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு வந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை.